எச்எக்ஸ்108-2 ரேடியோ கிட்: பற்றவைப்பது பாதி, ட்யூன் செய்வது மீதி

எச்எக்ஸ்108-2 என்ற பெயரில் இணையக் கடைகளில் கிடைக்கும் இந்தக் கிட், ஏழு டிரான்சிஸ்டரில் ஓடும் மத்திய அலை சூப்பர்ஹெட் ரேடியோ. அதாவது எந்த நிலையத்தையும் முதலில் ஐஎஃப் என்ற ஒரே இடைநிலை அலைவரிசைக்கு மாற்றி, பிறகு பெருக்கும் வகை. சீனாவில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்களின் பயிற்சிக்காகப் புழங்கி வந்த வடிவமைப்பு இது. ஐசி எதுவும் கிடையாது. மிக்சர் (நிலையத்தை ஐஎஃப்புக்கு மாற்றுவது), இரண்டு ஐஎஃப் நிலை, டிடெக்டர் (அதிலிருந்து ஒலியைப் பிரிப்பது) ஆகிய நான்கு இடங்களிலும் 9018எச் டிரான்சிஸ்டர். ஆடியோ டிரைவராக ஒரு 9014. கடைசியில் இரண்டு 9013எச் புஷ்-புல் ஜோடி. இரண்டு ஏஏ செல், 3 வோல்ட். ஐஎஃப் 465 கிலோஹெர்ட்ஸ். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் கேபினட், பிரிண்டட் போர்டு, ஆன்டெனாவாகும் தட்டையான ஃபெரைட் ராட், நிலையம் மாற்றும் இரட்டை கேங் கண்டென்சர், நான்கு வண்ண காயில்கள், இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், 8 ஓம் ஸ்பீக்கர், ஒரு பை நிறைய ரெசிஸ்டர், கண்டென்சர்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு நிலையாகத் தொட்டுப் பார்த்துக் கற்க இந்த விலையில் இதைவிட நல்ல பலகை கிடைப்பது கடினம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாப் பாகங்களையும் பற்றவைத்து, செல் போட்டு, உள்ளூர் நிலையம் ஒன்று கேட்டதும் மூடிவிட்டால் இந்தக் கிட்டின் பாதித் திறன்கூட வெளியே வராது. ‘சத்தம் சுமார், ஒரே ஒரு ஸ்டேஷன்தான் எடுக்கிறது’ என்று வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் பெரும்பாலானவை அலைன்மென்ட், அதாவது காயில்களையும் ட்ரிம்மர்களையும் (சிறு திருத்தும் கண்டென்சர்கள்) சுருதி சேர்ப்பது, செய்யாத ரேடியோவைப் பற்றியவை. அதனால் இந்த விமர்சனத்தில் கேபினட் அழகைவிடச் சோதனைக்கும் சரிக்கட்டலுக்கும்தான் இடம் அதிகம்.

பையைப் பிரித்ததும்

பாகங்களின் தரம் ஏற்கத்தக்கது. போர்டில் பாக எண்கள் தெளிவாக அச்சாகியிருக்கின்றன, ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. கேபினட் மெலிது, திருகை அழுத்தி முறுக்கினால் பிளாஸ்டிக் இழை போய்விடும். கையேடு என்று வருவது பெரும்பாலும் சீன மொழியில் ஒரே தாள். சர்க்யூட் படமும் பாகப்பட்டியலும் அதில் இருப்பதால் மொழி ஒரு தடையில்லை. இதே பெயரில் வரும் எல்லாக் கிட்டும் ஒரே பாகப்பட்டியலோடு வருவதில்லை. உங்கள் பெட்டியிலுள்ள தாளைத்தான் கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டும்.

ரெசிஸ்டர்களை வண்ணம் பார்த்துப் போடாதீர்கள். 51 ஓமும் 51 கிலோ ஓமும், 100 ஓமும் 100 கிலோ ஓமும் ஒரே பையில் இருக்கின்றன. நீல உடம்பில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, வெள்ளைத்தாளில் குத்தி, பக்கத்தில் எண் எழுதி வைத்துவிட்டு ஆரம்பித்தால் பின்னால் தேடும் வேலை பெருமளவு குறையும்.

டிரான்சிஸ்டர்களின் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்று ரகத்துக்கும் இதே வரிசைதான். 9018-இல் எச் என்ற எழுத்து ஆதாயத்தைக் குறிக்கிறது: 97 முதல் 146 வரை. மீட்டரில் எச்எஃப்இ சாக்கெட் இருந்தால் நான்கையும் அளந்து, ஆதாயம் குறைந்ததை டிடெக்டர் இடத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே டிரான்சிஸ்டர் டயோடாகத்தான் வேலை செய்கிறது, பெருக்கம் தேவையில்லை.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் உருவத்தில் ஒன்றுபோல இருக்கும். இன்புட் பச்சை அல்லது நீலம், அவுட்புட் மஞ்சள் என்பது வழக்கம். வண்ணத்தை நம்பாமல் அளந்துவிடுங்கள்: இன்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகள் நூறு ஓம் அளவில் காட்டும், அவுட்புட்டின் சுற்றுகள் ஒரு ஓம் பக்கத்தில் நிற்கும். இடம் மாறிப் போட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆறு காலையும் ஈயம் உறிஞ்சிக் கழற்றுவதற்குள் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

காயில்களின் வண்ணம் நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளுக்குப் பழகிய அதே வரிசை: சிவப்பு ஆசிலேட்டர் (மிக்சருக்குத் தேவையான அலையை உள்ளேயே உண்டாக்குவது), மஞ்சள் முதல் ஐஎஃப்டி (ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்), வெள்ளை இரண்டாவது, கறுப்பு மூன்றாவது. உலோகக் கூட்டின் இரண்டு காதுகளையும் கட்டாயம் ஈயத்தால் பிடிக்க வேண்டும். அவை காயிலை நிறுத்தி வைக்க மட்டுமல்ல, கூட்டை எர்த்தாக்கவும்தான். குறிப்பாக மஞ்சள் காயிலின் காது பற்றவைக்கப்படாமல் விட்டுப்போனால் ரேடியோ முழு டயலிலும் ஊளையிடும். சிவப்புக் காயிலின் காதை மடக்கிப் பற்றவைக்காவிட்டால் டயல் சக்கரம் அதில் தட்டி நிற்கும்.

கேங் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் படலம். காலில் சால்டரிங் அயர்ன் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் படலம் இளகி, பின்னர் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். போர்டில் பிடிக்கும் திருகு, கொடுத்த அளவைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் உள்ளே போய்த் தகட்டை அழுத்தும். திருகு தொலைந்துவிட்டது என்று கையில் கிடைத்ததைப் போடக்கூடாது.

ஃபெரைட் ராடில் இரண்டு சுற்று: நீளமானது கேங்குக்கு, குட்டையானது மிக்சர் பேஸுக்கு. மீட்டரில் ஓம் அதிகம் காட்டுவது நீளச் சுற்று. கம்பி பல நுண்ணிழைகள் சேர்ந்த எனாமல் கம்பி என்றால், முனையில் எல்லா இழையிலும் ஈயம் ஏறியிருக்க வேண்டும். பத்தில் மூன்று இழை விட்டுப்போனாலும் தொடர்பு இருப்பதாகவே மீட்டர் காட்டும், ஆனால் காயிலின் தரம் விழுந்து ரேடியோ மந்தமாகிவிடும். பிளேடால் சுரண்டாதீர்கள், இழை அறுந்துபோகும். அயர்ன் முனையில் ஒரு துளி ஈயமும் ரோசினும் எடுத்துக் கம்பி முனையை அதில் மூழ்கவைத்தால் எனாமல் தானாக எரிந்து விலகும்.

கரண்ட் பார்க்காமல் காது கொடுக்காதீர்கள்

இந்தக் கிட்டில் நாம் மனதாரப் பாராட்டுவது போர்டில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும் ஏ, பி, சி, டி என்ற நான்கு இடைவெளிகளை. ஒவ்வொன்றும் ஒரு நிலையின் கரண்ட் பாதை. மில்லி ஆம்பியரில் வைத்த மீட்டரை அங்கே குறுக்கே வைத்து அளந்து, சரியாக இருந்தால் ஒரு சொட்டு ஈயத்தால் இடைவெளியை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பழுதைத் தேட வேண்டிய இடம் இதனால் நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. விலை கூடிய பல கிட்டுகளில்கூட இந்த வசதி இல்லை.

முதலில் நான்கும் திறந்திருக்க, வால்யூமைக் குறைத்துவைத்து, ஸ்விட்சைப் போட்டு, இரண்டு 1என்4148 டயோடுகள் தொடராக நிற்கும் இடத்தில் வோல்டேஜைப் பாருங்கள். 1.2 முதல் 1.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முன் நிலைகளின் பேஸ் பயாஸ் (டிரான்சிஸ்டரை வேலைநிலையில் வைக்கும் வோல்டேஜ்) எல்லாம் இதிலிருந்துதான் போகிறது. 0.6 அல்லது 0.7 மட்டுமே வந்தால் ஒரு டயோடு ஷார்ட். 3 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஏதோ ஒரு டயோடு தலைகீழாக இருக்கிறது அல்லது ஈயம் பிடிக்கவில்லை. அதே நிலையில் தொடர்ந்தால் எல்லா நிலையிலும் கரண்ட் எகிறும்.

பிறகு பின்னாலிருந்து முன்னே: அவுட்புட் ஜோடி, டிரைவர், ஐஎஃப், மிக்சர். உங்கள் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. பொதுவாக மிக்சர் 0.2 முதல் 0.4 மில்லி ஆம்பியர், முதல் ஐஎஃப் 0.4 முதல் 0.8, டிரைவர் 2 அளவில், அவுட்புட் ஜோடி சில மில்லி ஆம்பியர். எல்லாம் சேர்த்து, ஸ்டேஷன் இல்லாத அமைதியில், 10 முதல் 20 மில்லி ஆம்பியருக்குள் முடிய வேண்டும். 40-ஐத் தாண்டினால் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டு ஈயப் பாலம் எங்கே என்று தேடுங்கள்.

அளவு விலகினால் காரணம் எங்கே இருக்கும்? அவுட்புட் ஜோடி பூஜ்யம் காட்டினால் இன்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கால் பிடிக்கவில்லை. பல பத்து மில்லி ஆம்பியர் காட்டினால் பயாஸ் டயோடு திறந்திருக்கிறது. மிக்சர் பூஜ்யம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபெரைட் ராடின் குட்டைச் சுற்று. அதன் வழியாகத்தான் பேஸுக்கு டிசி போகிறது, அதன் முனையில் எனாமல் விலகாமல் இருந்தால் மிக்சர் செத்துக்கிடக்கும். மிக்சர் கரண்ட் 0.5-க்கு மேல் போனால் ரேடியோ வேலை செய்யும், ஆனால் இரைச்சலும் விசிலும் சேர்ந்தே வரும். 0.15-க்குக் கீழ் இருந்தால் புது செல்லில் பாடும், செல் சற்றுத் தளர்ந்ததும் ஆசிலேட்டர் நின்றுவிடும்.

நான்கையும் மூடிய பிறகு, ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டை விரலால் பிடித்து, அதன் முனையால் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டால் ஸ்பீக்கரில் ‘உர்’ என்ற சத்தம் வர வேண்டும். வந்தால் ஆடியோ பக்கம் சரி. அடுத்தது ஆசிலேட்டர் ஓடுகிறதா என்பது. மிக்சரின் எமிட்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு, கேங்கின் ஆசிலேட்டர் பகுதியை ஒரு 0.1 மைக்ரோஃபேரட் கண்டென்சரால் எர்த்துக்குத் தொடுங்கள். வோல்டேஜ் சற்றே நகர்ந்தால் ஆசிலேட்டர் உயிரோடிருக்கிறது. துளியும் நகராவிட்டால் சிவப்புக் காயிலையும் அதன் கப்ளிங் கண்டென்சரையும் பாருங்கள். வீட்டில் வேறொரு மத்திய அலை ரேடியோ இருந்தால் இன்னும் எளிது. கிட்டை 720-க்குத் திருப்பி வைத்தால் அதன் ஆசிலேட்டர் 720-உடன் 465 சேர்ந்து 1185-இல் ஓடும். பக்கத்து ரேடியோவை 1185 சுற்றுவட்டாரத்தில் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் அடங்கும் அல்லது விசில் வரும்.

ஐஎஃப்: மூன்று காயிலுக்கும் ஒரே சுருதி

ஐஎஃப்டிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஓரளவு 465-க்கு வைத்துத்தான் வருகின்றன. பற்றவைத்ததும் ஆளாளுக்குத் திருப்பிப் பார்ப்பதுதான் இந்தக் கிட்டுக்கு நேரும் முதல் கேடு. கையில் அளவுகோல் இல்லாமல் தொடாதீர்கள். தொட்டால் உலோக ஸ்க்ரூடிரைவரால் தொடாதீர்கள்: உலோகம் காயிலுக்குள் இருக்கும்போது ஒரு சுருதி, எடுத்த பிறகு வேறு சுருதி. பிளாஸ்டிக் திருப்பி, இல்லையென்றால் மூங்கில் குச்சியைச் செதுக்கிக்கொள்ளலாம். கோர் இறுகியிருந்தால் பலம் கொடுக்கக்கூடாது, அது ஃபெரைட், விரிசல் விட்டால் காயிலையே மாற்ற வேண்டும்.

ஏஎம் மாடுலேஷன் உள்ள சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் வேலை சுத்தம். 465 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் டோன், 30 சதவீத மாடுலேஷன். சாதாரண ஹூக்-அப் கம்பியை ஒரு சாண் அகலத்தில் பத்துச் சுற்று சுற்றி, தொடரில் 100 ஓம் போட்டு, ஜெனரேட்டரோடு இணைத்து, ஃபெரைட் ராடிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். கேங்கை முழுதும் மூடி, ஆசிலேட்டர் பகுதியை முன்சொன்ன கண்டென்சரால் எர்த் செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் மீட்டர். இப்போது கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் மீட்டர் உச்சம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நகரும். அதனால் இரண்டாவது சுற்றும் தேவை. வழக்கமாக அரைத் திருப்பத்துக்குள் உச்சம் வந்துவிடும். ஒரு காயிலுக்கு எங்குமே உச்சம் இல்லையென்றால், அடியிலுள்ள சின்னக் கண்டென்சர் உடைந்திருக்கலாம் அல்லது காயில்களின் வண்ணம் இடம் மாறியிருக்கலாம்.

இங்கே பலரும் கோட்டைவிடுவது சிக்னலின் அளவில். இந்த சர்க்யூட்டில் ஏஜிசி உண்டு: டிடெக்டரில் கிடைக்கும் டிசி முதல் ஐஎஃப் நிலைக்குத் திரும்பிப்போய், பலமான சிக்னல் வந்தால் பெருக்கத்தைக் குறைக்கிறது. சிக்னல் பலமாக இருந்தால் நீங்கள் கோரைத் திருப்ப, ஏஜிசி அதை ஈடுகட்ட, உச்சம் ஒரு தட்டையான மேடாகிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சத்தம் இரைச்சலுக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும்படி ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அப்போது உச்சம் கூர்மையாகத் தெரியும்.

ஜெனரேட்டர் இல்லாதவர்கள் ஒரு மெலிந்த நிலையத்தைப் பிடித்து அதே வரிசையில் திருத்தலாம். உள்ளூர் நிலையம் மட்டுமே இருந்தால், ராடின் முனை நிலையத்தின் திசையை நோக்கும்படி ரேடியோவைத் திருப்பினால் அதுவே மெலிந்துவிடும். இப்படிச் செய்தால் மூன்று காயிலும் ஒன்றோடொன்று பொருந்தும், ஆனால் அது சரியாக 465-ஆ, 461-ஆ என்று சொல்ல முடியாது. கேட்பதற்கு அதனால் நஷ்டமில்லை. இரவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தூர நிலையங்கள் இரவில் ஏறி இறங்கும். நீங்கள் திருப்பியதால் கூடியதா, தானாகக் கூடியதா என்று பிரித்தறிய முடியாது. பகலில், எல்இடி விளக்கும் சார்ஜரும் இல்லாத மொட்டை மாடியில் செய்வது உத்தமம். அந்த இரண்டும் மத்திய அலையில் கொட்டும் இரைச்சலுக்குக் கிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டயலும் ட்ராக்கிங்கும்

கேங்கின் இரண்டு பகுதிகளும் ஒரே அளவு இல்லை. ஆன்டெனா பகுதி பெரியது, ஆசிலேட்டர் பகுதி அதில் பாதிக்கும் குறைவு. காரணம் கணக்கில் இருக்கிறது: ஆன்டெனா 535-இலிருந்து 1605 வரை மூன்று மடங்கு நகர வேண்டும், ஆசிலேட்டரோ 1000-இலிருந்து 2070 வரை இரண்டு மடங்கு சொச்சம்தான். இந்த இரண்டும் டயல் முழுவதும் 465 இடைவெளியை விடாமல் சேர்ந்தே நடக்கவைப்பதுதான் ட்ராக்கிங். டயலின் கீழ்முனையில் காயிலைத் திருத்த வேண்டும், மேல்முனையில் ட்ரிம்மரைத் திருத்த வேண்டும். இந்த விதி மாறாது. கேங் மூடியிருக்கும்போது அதன் சொந்தக் கொள்ளளவு பெரிது, ட்ரிம்மரின் சில பிகோஃபேரட் அங்கே எடுபடாது. திறந்திருக்கும்போது அந்தச் சில பிகோஃபேரட்டே ஆட்சி செய்யும்.

தென்னிந்தியாவில் இருப்பவர்களுக்கு நிலையங்களே அளவுகோல். கீழ்முனைக்கு ஆலப்புழை 576 அல்லது பெங்களூரு 612. நடுவே சென்னை 720, திருச்சி 936, கோவை 999, தூத்துக்குடி 1053. மேல்முனைக்குத் திருநெல்வேலி 1197, மதுரை 1269. தென்கரையில் இருப்பவர்களுக்கு இலங்கையின் புத்தளத்திலிருந்து 882-இல் வரும் பலமான நிலையமும் உதவும். அகில இந்திய வானொலி சில மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தியிருப்பதால், நீங்கள் அளவுகோலாகக் கொள்ளும் நிலையம் அந்த நேரத்தில் ஒலிக்கிறதா என்று நல்ல ரேடியோ ஒன்றில் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கீழ்முனை நிலையத்தின் எண்ணுக்கு டயலை வைத்து, சிவப்புக் காயிலின் கோரைத் திருப்பி நிலையத்தை அங்கே கொண்டுவாருங்கள். மேல்முனை நிலையத்தின் எண்ணுக்கு டயலை வைத்து, கேங்கின் முதுகிலுள்ள ஆசிலேட்டர் ட்ரிம்மரால் அதை அங்கே கொண்டுவாருங்கள். கீழே திரும்பினால் அது சற்று நகர்ந்திருக்கும். இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்தால் இரண்டு முனையும் நிலைபெறும். இதில் சத்தத்தைப் பார்க்கக்கூடாது, டயல் எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும்.

சத்தத்தைப் பார்ப்பது அடுத்த கட்டத்தில். கீழ்முனை நிலையத்தில் நின்று, ராடின் மேல் காயிலை மெல்ல நகர்த்தி உச்சத்தில் நிறுத்துங்கள். மேல்முனையில் ஆன்டெனா ட்ரிம்மரை உச்சத்துக்குத் திருத்துங்கள். மறுபடி கீழே. காயில் ராடின் நடுவை நோக்கிப் போனால் இண்டக்டன்ஸ் கூடும், முனையை நோக்கிப் போனால் குறையும். காயில் முனையைத் தாண்டித் தொங்கினால்தான் உச்சம் வருகிறது என்றால் அது தவறான அறிகுறி. அநேகமாக சிவப்புக் காயில் தவறான இடத்தில் நிற்கிறது, டயலுக்குத் திரும்பிப்போங்கள்.

திருத்தம் சரிதானா என்று பார்க்கப் பழைய மெக்கானிக்குகளின் முறையே போதும். ஒரு பிளாஸ்டிக் குச்சியின் ஒரு முனையில் சிறு ஃபெரைட் துண்டு, மறுமுனையில் செம்பு வளையம். ஃபெரைட் முனையைக் காயிலருகே கொண்டுபோகும்போது சத்தம் கூடினால் இண்டக்டன்ஸ் போதவில்லை. செம்பு முனைக்குக் கூடினால் இண்டக்டன்ஸ் அதிகம். இரண்டுக்குமே குறைந்தால் ட்ராக்கிங் அங்கே சரி. மேல்முனையில் இதே சோதனை ட்ரிம்மர் கூடவேண்டுமா குறையவேண்டுமா என்பதைச் சொல்லும். முடிந்ததும் காயிலை ராடோடு மெழுகு சொட்டி நிறுத்திவிடுங்கள். சூப்பர் பசை வேண்டாம், பிறகு நகர்த்த முடியாது.

936-இல் கேட்கும் விசில்

இதை வாங்கும் தமிழ்நாட்டு வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எல்லாம் சரியாகத் திருத்திய பிறகும் திருச்சி 936-இல் ஒரு மெல்லிய விசில் கேட்கலாம்; டயலை ஒரு பக்கம் மயிரிழை நகர்த்தினால் சுருதி இறங்கும், மறுபக்கம் ஏறும். மற்ற நிலையங்களில் அது இருக்காது. இது பற்றவைத்ததில் உள்ள பிழை அல்ல. 465-இன் இரட்டிப்பு 930. டிடெக்டர் வேலை செய்யும்போது இந்த 930-ம் அங்கே பிறக்கிறது. கேபினட் சின்னது, டிடெக்டருக்கும் ராடுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். அது ராடுக்குத் திரும்பிப்போய், 936-ஐப் போலவே உள்ளே நுழைந்து, 6 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசத்தை விசிலாக்குகிறது.

ஸ்பீக்கர் கம்பியையும் பேட்டரி கம்பியையும் ராடிலிருந்து விலக்கி, போர்டின் விளிம்போடு ஒட்டிக் கொண்டுபோனால் பெருமளவு அடங்கும். டிடெக்டர் பக்கத்துக் கண்டென்சர்களின் கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவையுங்கள். திருச்சியே உங்கள் முதன்மை நிலையம் என்றால் முழுத் தீர்வு ஒன்று இருக்கிறது: ஐஎஃப்பை 465-க்குப் பதில் 468-இல் திருத்துங்கள். அதன் இரட்டிப்பு 936. வித்தியாசம் பூஜ்யமாகி விசில் மறையும். காயில்கள் மூன்று கிலோஹெர்ட்ஸ் எளிதாக நகரும். ஜெனரேட்டர் இல்லாமல் இது நடக்காது. ஐஎஃப் மாறியபின் டயலையும் ட்ராக்கிங்கையும் புதிதாகத் திருத்த வேண்டும்.

திருத்தி முடித்த ரேடியோ எப்படி?

பேச்சு தெளிவாக இருக்கிறது. செய்திக்கும் நாடகத்துக்கும் ஏற்ற குரல். பாட்டில் அடித்தளம் கிடையாது, அந்த அளவு ஸ்பீக்கரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. வால்யூமை முக்காலுக்கு மேல் ஏற்றினால் குரல் உடையும். இரவில் இந்தச் சின்ன ராடே பக்கத்து மாநில நிலையங்களைக் கொண்டுவந்துவிடும். பலமான உள்ளூர் டிரான்ஸ்மிட்டருக்கு அருகில் குடியிருந்தால் அது டயலில் அகலமாகப் படுத்துக்கொள்ளும். மூன்று ஒற்றைக் காயில் ஐஎஃப்புக்கு அதுதான் எல்லை. ராடைத் திருப்பி அதை மெலியவைத்துப் பக்கத்து நிலையத்தைக் கேட்கலாம்.

பேட்டரி விஷயத்தில் பயாஸ் டயோடுகள் நன்மையும் செலவும் சேர்ந்தே தருகின்றன. அவை இருப்பதால் செல் 2 வோல்ட் பக்கம் இறங்கும்வரை மிக்சர் நிலைகுலையாது, 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் இரண்டு போட்டாலும் நன்றாகப் பாடும். அதற்கு விலையாகச் சில மில்லி ஆம்பியரை அவையே எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். செல் தளர்ந்தபின் வால்யூம் ஏற்றும்போது ‘டப் டப்’ என்று மோட்டார் படகு போலச் சத்தம் வந்தால் முதலில் செல்லை மாற்றுங்கள்; புது செல்லிலும் வந்தால் சப்ளையிலுள்ள 100 மைக்ரோஃபேரட் கண்டென்சர் தலைகீழாகவோ ஈயம் பிடிக்காமலோ இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் மட்டும் குரல் கரகரத்து, ஏற்றினால் தெளிந்தால், அவுட்புட் ஜோடியின் பயாஸ் குறைவு.

எளிமையாக ஒன்று போதும் என்பவர்களுக்கு டிஏ7642 என்ற மூன்று கால் ஐசி போட்ட கிட் இருக்கிறது. அதில் திருத்த எதுவுமில்லை, நிலையங்களைப் பிரிக்கும் திறனும் அதற்கேற்பக் குறைவு. எஃப்எம்மும் வேண்டும் என்றால் சிஎக்ஸ்ஏ1691 ஐசி கிட்டுகளைப் பார்க்கலாம். அவற்றில் ஐசிக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சூப்பர்ஹெட்டை அக்குவேறு ஆணிவேறாகப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நம் பரிந்துரை 108-2 தான்.

ஆர்டர் செய்யும்போதே உதிரியாக இரண்டு 9018, இரண்டு 9013, நான்கு 1என்4148 சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டால் கடையில் கைக்கு எட்டுவது பிசி547-ஆக இருக்கும். ஆடியோ டிரைவர் இடத்தில் அது நன்றாகவே ஓடும், ஆனால் தட்டை முகம் உங்களைப் பார்க்கும்போது அதன் கால் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். கிட்டிலுள்ளதற்கு நேர் எதிர், அதனால் முகத்தைத் திருப்பிப் போட வேண்டும். மிக்சருக்கும் ஐஎஃப்புக்கும் பிஎஃப்494 பொருந்தும். அதில் நடுக்கால் எமிட்டர் என்பதால் கால்களை வளைத்து, ஒன்றோடொன்று தொடாமல் ஸ்லீவ் போட்டுச் செருகுங்கள். அந்த நிலையின் கரண்டை இடைவெளியைத் திறந்து மறுபடி அளந்துவிட்டு, அதற்குப் பக்கத்து காயிலை ஒருமுறை உச்சத்துக்குத் திருத்திவிடுங்கள்.